வெள்ளி இலைச் செடிகள்: காய்ச்சலும் பாய்ச்சலுமாக வளர்க்கும் முழு வழிகாட்டி

வெயில் கொளுத்தும் உச்சிப்பொழுதில் தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். அகன்ற பச்சை இலைச் செடிகளெல்லாம் தலை தொங்கிக் கிடக்கும். சாம்பலும் வெள்ளியும் கலந்த இலை உள்ள செடிகள் மட்டும் காலையில் பார்த்தபடியே நிற்கும். தண்ணீருக்குத் தட்டுப்பாடு உள்ள இடத்தில் தோட்டம் போட நினைப்பவர்களுக்கு இவற்றைவிட நல்ல துணை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் இவற்றை வளர்ப்பதில் பலரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நானும் அங்கேதான் சறுக்கினேன். முதலில் வாங்கிய நான்கு லாவெண்டர் செடிகளும் இரண்டு மாதத்துக்குள் செத்துப்போயின. உரமிட்ட கொழுத்த மண்ணில் நட்டு, தினமும் காலையில் தண்ணீர் ஊற்றினேன். இலை வாடியதும் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். கடைசியில் பிடுங்கிப் பார்த்தபோது வேர் பழுப்பேறிப் போயிருந்தது. விரலால் லேசாக உருவினால் வேரின் தோல் தனியாகக் கழன்று வந்தது. உள்ளே நரம்பு மட்டும் ஈரநூல் போல மிஞ்சியது. தாகத்தில் வாடிய செடியும் வேரழுகி வாடிய செடியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்று அன்றுதான் புரிந்தது.

அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இலையில் தெரியும் வெள்ளி, செடி தன் மேல் போட்டுக்கொள்ளும் போர்வை. வெயிலும் மண்ணின் காய்ச்சலும் இருந்தால்தான் போட்டுக்கொள்ளும். நிழலும் நீரும் உரமும் தாராளமாகக் கிடைத்தால் கழற்றிவிடும். இலை பச்சையாகும், தண்டு நெகிழும், கொஞ்ச நாளில் அழுகலும் வரும். இனி சொல்லப்போகும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இதுதான்.

வெள்ளி எங்கிருந்து வருகிறது

செடி வாங்கும் முன் இலையைத் தொட்டுப் பாருங்கள். மூன்று விதம் இருக்கும்.

ஒன்று, ரோமம். ஸ்டாக்கிஸ் என்கிற ஆட்டுக்காதுச் செடியின் இலையைக் கன்னத்தில் வைத்தால் கம்பளி மாதிரி இருக்கும். அதிகாலையில் உற்றுப் பார்த்தால் பனித்துளிகள் இலையைத் தொடாமல் ரோமநுனிகளின் மேலேயே உட்கார்ந்திருப்பது தெரியும். இந்த ரோமங்கள் இரண்டு வேலை செய்கின்றன. வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. இலைக்கு மேல் அசையாத ஒரு காற்றுப் படலத்தைப் பிடித்துவைத்து நீர் ஆவியாவதைக் குறைக்கின்றன. டஸ்டி மில்லர், ஆர்ட்டிமீசியா, சான்டோலினா, ஹெலிகிரைசம் எல்லாம் இந்த வகை. நமக்குத் தெரிந்த சிறுபூளையும் மருக்கொழுந்தும்கூட இப்படித்தான்.

இரண்டாவது, மெழுகு. நீல அகேவ், எச்செவேரியா, நீலச் செனெசியோ இவற்றின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் ரேகை பதிந்துவிடும். அந்த இலையில் அழிந்த மெழுகு பெரும்பாலும் முழுதாகத் திரும்பாது. ஆகவே இவற்றைக் கையாளும்போது அடியில் பிடியுங்கள்.

மூன்றாவது, செதில். ஆலிவ் இலையின் அடிப்பக்கமும் எலயாக்னஸ் இலையும் வெள்ளித் தகடு ஒட்டியது போல மின்னுவது மிக நுண்ணிய செதில்களால்.

இவை மூன்றும் இல்லாமலும் சில இலைகள் வெள்ளியாகத் தெரியும். பைலியா, அக்லோனிமா, ப்ரன்னெரா, சில ஹியூக்கெரா வகைகள் இந்த ரகம். இவற்றில் பலவற்றின் இலை வழவழவென்றிருக்கும், விரலில் எதுவும் ஒட்டாது, ரேகையும் பதியாது. தோலுக்கு அடியில் உள்ள காற்று இடைவெளிகளில் ஒளி சிதறுவதால் வரும் வெள்ளி அது. இவை நிழலும் ஈரமும் கேட்பவை. நிறத்தை நம்பி வெயில் பாத்தியில் வைத்தால் ஒரே வாரத்தில் கருகிவிடும். காற்றுச்செடி எனப்படும் டில்லான்ட்ஸியா இன்னொரு விதம்: அதன் வெள்ளிச் செதில்கள் ஈரத்தை உறிஞ்சிக் குடிப்பதற்கானவை. அதை மண்ணில் நடவே கூடாது.

போர்வையைச் செடி தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் என்பதற்கு அருமையான சாட்சி ப்ரிட்டில்புஷ். அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் உள்ள பாலைவனங்களில் வளர்கிறது. மழைக்குப் பின் விடும் இலைகள் பச்சையாக இருக்கும். மண் காயக் காய, புதிதாக வரும் இலைகளில் ரோமம் அடர்ந்து வெளுத்துக்கொண்டே போகும்.

முதல் படி: உங்கள் காற்றுக்கு ஏற்ற செடி

மண்ணை மாற்றலாம், மேடு கட்டலாம், காற்றில் உள்ள ஈரத்தை மட்டும் நம்மால் மாற்ற முடியாது. அதனால் தேர்வு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கோடை காய்ந்தும் குளிர்காலம் மழையோடும் இருக்கும் இடமா? லாவெண்டர், சான்டோலினா, டஸ்டி மில்லர், வெள்ளைப் பூ விடும் கான்வால்வுலஸ் சினியோரம் எல்லாம் மத்தியதரைக் கடலோரப் பிறப்பு. உங்கள் தோட்டத்தில் சொந்த ஊர் போலவே இருக்கும். குளிர்காலத்தில் உறைபனி கடுமையாக விழும் இடம் என்றால் ரஷ்யன் சேஜ், ஆட்டுக்காது, ஆர்ட்டிமீசியா வகைகளில் பல தாக்குப்பிடிக்கும். ரஷ்யன் சேஜ் என்று பெயர் இருந்தாலும் அது மத்திய ஆசியாவின் வறண்ட மலைச்சரிவுகளைச் சேர்ந்தது.

வருடம் முழுவதும் வெக்கையும் புழுக்கமும் உள்ள இடத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். அங்கே கம்பளி ரோமம் உள்ளவற்றை முதலில் வாங்காதீர்கள். மழைநீர் ரோமத்துக்குள் தங்கி, இரவிலும் காயாமல், இலை அடியிலிருந்து அழுகிக்கொண்டே வரும். பதிலாக, ரோமம் மெல்லியதாகப் படிந்தவற்றையும் மெழுகு வகைகளையும் எடுங்கள். கடற்கரை ஓரத்து உப்புக்காற்றையும் புழுக்கத்தையும் சமாளிக்கும் சில்வர் பட்டன்வுட், தொங்கி வளரும் சில்வர் ஃபால்ஸ் டைகான்ட்ரா, மடகாஸ்கரிலிருந்து வந்த பிஸ்மார்க் பனை, அகேவ் வகைகள் என்று நல்ல தேர்வுகள் உண்டு. பிஸ்மார்க் பனைக்கு இடம் நிறைய வேண்டும். அதன் ஓலை விரிந்தால் சின்ன முற்றம் தாங்காது. டெக்சாஸ் சேஜ் எனப்படும் லூகோஃபில்லமும் வெக்கையைத் தாங்கும், ஆனால் வடிகாலில் விட்டுக்கொடுக்காது. மழைக்கு முன்னும் பின்னும் காற்றில் ஈரம் ஏறும்போது செடி முழுவதும் ஊதாப்பூவாகப் பூத்துத் தள்ளும்.

எங்கே இருந்தாலும் உங்கள் பகுதியில் தானாகவே காட்டில் முளைத்து நிற்கும் சாம்பல் இலைச் செடிகளைக் கவனியுங்கள். எருக்கின் இளந்தளிரைத் தொட்டால் விரலில் வெள்ளையாக ஒட்டுமே, அதுவும் இதே உத்திதான்.

இரண்டாம் படி: இடம்

நேரடி வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். எட்டு மணி நேரம் கிடைத்தால் நல்லது. காற்றோட்டமும் அதே அளவு முக்கியம். சுவரோடு ஒட்டிய மூலையில் வெயில் இருந்தாலும் காற்று நின்றுபோயிருக்கும்.

இன்னொன்று, தண்ணீர் அதிகம் கேட்கும் செடிகளோடு இவற்றைக் கலக்காதீர்கள். 1981-ல் அமெரிக்காவின் டென்வர் நகர நீர் வாரியம், தண்ணீர்ச் சிக்கனத் தோட்டக்கலையைக் குறிக்கும் ‘ஜீரிஸ்கேப்’ என்ற சொல்லை உருவாக்கிப் பரப்பிய நாளிலிருந்து சிக்கனத் தோட்டக்காரர்கள் வலியுறுத்துவது இது: ஒரே அளவு தண்ணீர் கேட்பவற்றை ஒரே பாத்தியில் சேர்த்து வை. புல்தரைக்கு அடிக்கும் தெளிப்பான் லாவெண்டர் மேலும் விழுந்தால், நீங்கள் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாலும் பலன் இல்லை.

மூன்றாம் படி: மண் எவ்வளவு வேகமாக வடிகிறது

இந்தச் சோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். 30 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலத்தில் ஒரு குழி தோண்டுங்கள். தண்ணீர் நிரப்பி முழுக்க வடியவிடுங்கள். சுற்றியுள்ள மண் ஊறிவிடும். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நிறுத்தி அடையாளமிட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

மணிக்கு 5 செ.மீ. அளவுக்கு இறங்கினால் அப்படியே நடலாம். 2.5 செ.மீ.-க்கும் குறைவு என்றால் அந்த மட்டத்தில் நடக்கூடாது. மேடு கட்ட வேண்டும். மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் நின்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள், அல்லது தொட்டிக்கு மாறுங்கள்.

களிமண்ணில் இரண்டு கூடை மணலைக் கலந்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. நுண்மணல் கொஞ்சமாகச் சேர்ந்தால் களியோடு இறுகி இன்னும் கெட்டியாகும். மேடுதான் வழி.

நான்காம் படி: மேடு கட்டுதல்

தரையை 20 செ.மீ. ஆழம் கொத்திவிட்டு, அதன் மேல் 30 முதல் 45 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எழுப்புங்கள். கொத்தாமல் மேலே கொட்டினால் இரண்டு மண்ணும் சேராது. அந்த இடைவெளியில் நீர் தங்கும். மேட்டு மண்ணில் பாதிக்குப் பாதி தோட்டத்து மண், மீதி பருமணலும் பொடிச் சரளையும். எருவோ மட்கு உரமோ பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வெறும் மணலாக இருக்கும் நிலம் என்றால் அந்த ஒரு பங்கு அவசியம். வளமான நிலம் என்றால் அதுவும் தேவையில்லை. தழைச்சத்து மிகுந்தால் செடி கொழுகொழுவென்று வளரும், வெள்ளி போய்விடும், காற்றடித்தால் நடுவில் பிளந்து சாயும்.

லாவெண்டர், சான்டோலினா போன்றவை சுண்ணாம்புத் தன்மை உள்ள மண்ணை விரும்பும். கார அமிலக் குறியீடு 6.5-க்கும் 8-க்கும் இடையில் இருந்தால் போதும். அமில மண்ணாக இருந்தால் மட்டும் கொஞ்சம் தோட்டச் சுண்ணாம்பு சேர்க்கலாம்.

இப்படி ஒரு தோட்டம் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்று சந்தேகம் வந்தால் இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் உள்ள தோட்டக்கலை வல்லுநர் பெத் சாட்டோவின் சரளைத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கார்கள் நிறுத்தி இறுகிப்போயிருந்த இடத்தை 1990-களின் தொடக்கத்தில் கொத்திப் பண்படுத்தி அவர் போட்ட தோட்டம் அது. ஆண்டுக்குச் சுமார் 500 மி.மீ. மழைதான் அந்தப் பகுதிக்கு. செடிகள் வேர்பிடித்த பிறகு தண்ணீர் பாய்ச்சுவதில்லை என்று முடிவெடுத்து, கோடை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அதைக் காப்பாற்றினார்கள்.

ஐந்தாம் படி: நடவு

பருவம் முக்கியம். கோடை காய்ந்திருக்கும் இடங்களில் வெயில் தணிந்து மழை தொடங்கும் சமயம் நடுங்கள். அடுத்த கோடைக்குள் வேர் ஆழம் போய்விடும். பெருமழை கொட்டும் இடங்களில் மழையின் உக்கிரம் தணிந்த பின். உறைபனி இடங்களில் வசந்தத்தில்.

பெரிய செடியாக வாங்க ஆசை வரும். சின்னதையே வாங்குங்கள். பெரிய தொட்டியில் கொழுத்து வளர்ந்த செடியின் வேர் அந்தத் தொட்டிக்குள்ளேயே சுற்றிப் பழகியிருக்கும். கையளவுத் தொட்டியில் உள்ள இளஞ்செடி இரண்டே வருடத்தில் அதைத் தாண்டிவிடும்.

செடியைத் தொட்டியோடு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி எடுங்கள். வெளியே எடுத்ததும் வேர்ப்பந்தின் ஓரத்தை விரலால் பிரித்துவிடுங்கள். வளையம் வளையமாகச் சுற்றிய வேரைக் கத்தரித்துவிடலாம். குழியில் வைக்கும்போது வேர்ப்பந்தின் மேல்மட்டம் சுற்றுமண்ணைவிட 2 செ.மீ. உயர்ந்து நிற்கட்டும். மண் அமுங்கிய பிறகும் செடியின் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், பள்ளத்தில் இருக்கக்கூடாது என்பதற்காக. இடைவெளி, செடி முழுதாக வளரும்போது எவ்வளவு அகலமோ அவ்வளவு விடுங்கள். முதல் வருடம் பாத்தி வெறிச்சென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நட்டதும் சரளை மூடாக்கு. 5 முதல் 7 செ.மீ. கனத்துக்கு, பட்டாணி முதல் சுண்டைக்காய் அளவுக் கற்களாகப் பரப்புங்கள். ஈரம் காக்கும், களை குறைக்கும். அதைவிட முக்கியமாக, இலை ஈரமண்ணில் படாமல் காய்ந்த கல்லின் மேல் படுத்திருக்கும். மட்கு, மரத்தூள், காய்ந்த தழை போன்றவை மற்ற செடிகளுக்கு அருமையானவை. இங்கே கழுத்தைச் சுற்றி ஈரத்தைக் கட்டிவைத்து அழுகலை அழைத்துவரும்.

ஆறாம் படி: முதல் வருடத்துத் தண்ணீர்

வறட்சியைத் தாங்கும் செடிதானே என்று நட்ட அன்றே விட்டுவிடக்கூடாது. வேர் ஆழம் போன பிறகுதான் அந்தத் தாங்கும் சக்தி வரும். வேரை ஆழத்துக்கு அனுப்புவதுதான் முதல் வருடத்தில் உங்கள் வேலை. அதற்கு நம் உழவர்கள் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையைவிடச் சிறந்தது இல்லை: நன்றாகப் பாய்ச்சு, நன்றாகக் காயவிடு.

ஒவ்வொரு செடியைச் சுற்றியும் சுமார் 50 செ.மீ. குறுக்களவில் வட்டக் கரை கட்டி, ஒரு தடவைக்கு 8 முதல் 10 லிட்டர் மெதுவாக ஊற்றுங்கள். கழுத்தின் மேல் நேராக ஊற்றாமல் அரை சாண் தள்ளி ஊற்றுங்கள். முதல் மூன்று வாரம் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை. அப்புறம் வாரத்துக்கு ஒன்று. மூன்றாம் மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்று. இது ஒரு கணக்குக்காகத்தான். முடிவை மண்ணிடம் கேளுங்கள். சரளையை விலக்கி ஒரு மரக்குச்சியை ஒரு சாண் ஆழம் செருகி எடுங்கள். குச்சியில் ஈரமண் ஒட்டினால் ஊற்றாதீர்கள், இலை லேசாகத் துவண்டிருந்தாலும் சரி. மதியம் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் அது வெயிலின் சோர்வு, தாகம் அல்ல. விடிகாலையிலும் துவண்டு கிடந்து, குச்சியும் காய்ந்து வந்தால் அதுதான் தாகம்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதுதான் ஆகக் கெடுதல். வேர் மேல்மண்ணிலேயே படர்ந்துவிடும். நீங்கள் ஒரு வாரம் வெளியூர் போனால் செடி தாங்காது. மாலையில் இலை நனைய ஊற்றவும் வேண்டாம்.

இரண்டாம் வருடம் நீண்ட வறட்சியில் மாதம் ஒருமுறை போதும். மூன்றாம் வருடம் முதல் பெரும்பாலானவற்றுக்கு மழையே போதும்.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. தொட்டி மண் சீக்கிரம் காயும், மேல் 5 செ.மீ. காய்ந்ததும் ஊற்ற வேண்டியிருக்கும். சுட்ட மண்தொட்டி நல்லது. அடியில் கல் அடுக்கினால் வடிகால் கூடும் என்பது தவறு. நுண்மண்ணிலிருந்து பெரிய கற்களுக்குள் நீர் சுலபமாக இறங்காது. கல்லுக்கு மேலேயே மண் ஊறி நிற்கும், வேருக்கான இடம் குறையும். கலவை முழுவதிலும் பருமணலைக் கலப்பதுதான் சரி. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள்.

ஏழாம் படி: கவாத்து

ஆண்டுக்கு ஒருமுறை, பூத்து ஓய்ந்ததும், மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். வெட்டாமல் விட்ட லாவெண்டரும் சான்டோலினாவும் நடுவில் திறந்துகொண்டு, காலில் கட்டைக் கொம்பும் நுனியில் மட்டும் இலையுமாக நிற்கும். பெரும்பாலான லாவெண்டர்கள், இலை இல்லாத பழுத்த கட்டை வரை வெட்டினால் மறுபடி துளிர்க்காது. ஆகவே வெட்டும் இடத்துக்குக் கீழே சில பச்சைத் துளிர்கள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு கிளையிலும் பார்த்து வெட்டுங்கள். ரஷ்யன் சேஜ் விதிவிலக்கு. வசந்தத்தின் தொடக்கத்தில் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டினாலும் சீறிக்கொண்டு வரும். டஸ்டி மில்லரின் மஞ்சள் பூ எனக்குப் பிடிப்பதில்லை. மொட்டிலேயே கிள்ளிவிடுவேன், இலை இன்னும் அடர்த்தியாகும். ஆட்டுக்காதுக்கு அடியில் கருகிய இலைகளைக் கையால் உருவி எடுத்துவிட்டால் காற்று உள்ளே போகும்.

நிறத்தைப் படித்தல்

வளர்ந்த செடியில் எல்லாப் பிரச்சினையும் முதலில் நிறத்தில்தான் தெரியும். புது இலை பச்சையாக வருகிறதா? நிழல், நீர், உரம் மூன்றில் ஒன்று கூடிவிட்டது. எந்த உரமும் போடாமல் ஒரு பருவம் விட்டுப் பாருங்கள். அடியிலைகள் கறுத்துக் கூழாகின்றனவா? காற்றோட்டம் இல்லை. ஒரு கிளை மட்டும் திடீரென்று வாடிச் சாம்பலாகிறதா? வேரழுகல் தொடங்கியிருக்கலாம், தண்ணீரை நிறுத்தி, சரளையை விலக்கி, கழுத்தைக் காயவிடுங்கள்.

அசுவினி வந்தால் பலரும் உடனே வேப்பெண்ணெய் கரைசலை எடுப்பார்கள். வெள்ளி இலையில் எண்ணெய் வேண்டாம். மெழுகு கரைந்து நீலம் போய்விடும். ரோமம் படிந்து ஒட்டிக்கொள்ளும். காலை வேளையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிர்த்துவிட்டால் மதியத்துக்குள் இலை காய்ந்துவிடும். பெரும்பாலும் அதுவே போதும்.

வீட்டில் நாய், பூனை, ஆடு, மாடு இருந்தால் டஸ்டி மில்லரையும் கலஞ்சோவையும் எட்டாத இடத்தில் வையுங்கள், தின்றால் நஞ்சு. ஆர்ட்டிமீசியா லுடோவிசியானா வகைகள் அடிவேரால் ஓடிப் பரவும், தடுப்பு இல்லாமல் நடாதீர்கள். எலயாக்னஸ் அங்குஸ்டிஃபோலியா வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் ஆற்றங்கரைகளை ஆக்கிரமித்துக்கொண்ட மரம். உங்கள் பகுதியில் தடை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டே வாங்குங்கள்.

எட்டாம் படி: அடுத்த தலைமுறை

இந்தக் குட்டைப் புதர்களில் பல நீண்ட ஆயுள் கொண்டவை அல்ல. ஐந்து முதல் எட்டு வருடத்தில் லாவெண்டர் கட்டை ஏறிப்போகும். ஆகவே பதிலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டுக்காதைத் தோண்டிப் பிரித்து நட்டால் போதும். டஸ்டி மில்லரை விதையிலிருந்து வளர்க்கலாம். விதை முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மண் மேல் தூவி அழுத்துங்கள், மூடாதீர்கள். மற்ற குட்டைப் புதர்களுக்குத் தண்டுத்துண்டு. பூ இல்லாத, நுனி மென்மையும் அடி சற்று முற்றலுமான கிளையில் 8 முதல் 10 செ.மீ. துண்டாக வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, பருமணலும் மண்ணும் சமமாகக் கலந்த தொட்டியின் ஓரமாக ஊன்றுங்கள். மற்ற செடிகளின் துண்டுகளுக்குப் பாலித்தீன் உறை போட்டு மூடுவோம். ரோமம் உள்ள துண்டுகளுக்குப் போடாதீர்கள். மூன்றே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சமான நிழலில் திறந்தே வையுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். லேசாக இழுத்துப் பார்த்தால் மண் பிடித்துக்கொள்ளும். நுனியில் புது இலை விரியும்.

பத்துத் துண்டு ஊன்றினால் ஆறு பிழைக்கும் என்பது என் கணக்கு. அதனால் மூன்றாம் வருடம் முதல் ஒவ்வொரு கவாத்திலும் வெட்டிப்போட்டதிலிருந்து பத்தைப் பொறுக்கி ஊன்றிவிடுகிறேன்.